ஹாஜிராம்மாவின் குமிழ்கள்

வோல்டேஜ் இறங்குவதை ஹாஜிரா பீ முதலில் காலால்தான் தெரிந்துகொள்வார். தையல் மெஷினின் பெடல் அவர் பாதத்துக்குக் கீழே இருக்கிறது. வழக்கமான அழுத்தத்துக்கே ஊசி சோம்பலாக இறங்கினால், மாடியில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். "ஏசி போட்டாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புடவை ஓரத்தை இழுத்துப் பிடித்து, மெதுவாகவே தைப்பார். தி.நகர் ஜவுளிக்கடைகளில் வாங்கிய புடவைகளுக்கு ஃபால்ஸ் வைப்பதும் பீகோ அடிப்பதும் அவருடைய வேலை. மெதுவாகத் தைத்தால் புடவை கோபித்துக்கொள்ளாது. அதனால் இத்தனை வருடங்களில் வோல்டேஜ் அவருக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

இந்த வருடம் வெயில் தொடங்கும்போது, மெதுவாக ஓட முடியாத ஒரு மெஷின் அந்த வீட்டுக்குள் வந்தது.

அவர் கணவர் ஹபீபுர் ரஹ்மான் மர சாமான்களுக்கு ஸ்ப்ரே பாலிஷ் அடித்தவர். கட்டில், பீரோ, கல்யாண மேடை நாற்காலி என்று ஆயுள் முழுக்க அடித்த பாலிஷில் ஒரு பங்கு நுரையீரலில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை படுத்து எழுந்த பிறகு, இனி வீட்டிலும் ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பல்லாவரத்தில் இருக்கும் மகள் அதீபா ஒரு ஆக்சிஜன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். சின்ன ஃப்ரிட்ஜ் உயரம் இருக்கும். அறையின் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும். பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. வோல்டேஜ் மிகவும் இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும், விடாமல் கத்தும், பிறகு நின்றுவிடும். நின்றால், மூலையில் இருக்கும் சிலிண்டரைத் திறக்க வேண்டும். அது சில மணி நேரம்தான் தாங்கும்.

நாங்கள் குடியிருப்பது ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஐந்து போர்ஷன் உள்ள பழைய வீடு. கீழே ஹாஜிராம்மா. முதல் மாடியில் முன்பக்கம் பாத்திரக்கடை அய்யாதுரை குடும்பம், பின்பக்கம் டியூஷன் எடுக்கும் வைதேகி டீச்சர். இரண்டாம் மாடியில் நானும் அம்மாவும், எதிரே ஹரியும் அவன் நண்பர்களும். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு பலகையில் ஐந்து சப்-மீட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கறுப்புக் குமிழ். அதைத் திருகி, அவரவர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று லைன்களில் எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். ஒரு லைன் போனால் இன்னொன்றில் இருந்துகொள்ளட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு.

நாங்கள் அதை வேறு விதமாகப் பழகியிருந்தோம். ஃபேன் கொஞ்சம் சுணங்கினால் போதும், யாராவது படியிறங்குவார்கள்.

"எது நல்லா கீது?" என்று ஹரி மேலிருந்தே கேட்பான்.

"மஞ்சள்ல போடு தம்பி, பறக்குது" என்பார் அய்யாதுரை.

ஹரி மஞ்சளுக்கு வருவான். டீச்சரும் வருவார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் படுத்துவிடும். அடுத்தவர் இறங்கி வந்து நீலத்துக்குத் திருப்புவார். அவர் ஃபேன் பறப்பதைப் பார்த்து எல்லோரும் நீலத்துக்குப் போவோம். கோடை முழுவதும் வீடு இப்படி ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டமாகக் குடிபெயர்ந்துகொண்டே இருக்கும். இது விசித்திரம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மின்னியல் படித்த எனக்கும் தோன்றியதில்லை.

ஆக்சிஜன் மெஷின் வந்த பிறகு ஒரு மதிய நேரத்தில் கீழிருந்து அந்தக் கத்தல் கேட்டது. நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இறங்கி ஓடியபோது, ஹாஜிராம்மா சிலிண்டரின் வால்வைச் சாவியால் திருகிக்கொண்டிருந்தார். ரஹ்மான் பாய் கட்டிலில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். குழாயை மாற்றி மூக்கில் வைத்ததும் தோள்கள் மெல்ல இறங்கின. பேச முடிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாடில இன்னா சமையல்?"

ஹரி இண்டக்‌ஷன் அடுப்பில் முட்டை வேக வைத்துக்கொண்டிருந்தான். முதல் மாடியில் இரண்டு ஏசியும் ஓடின. மூன்றுமே அப்போது நீலத்தில், ஹாஜிராம்மா வீடு இருந்த அதே லைனில்.

அதீபா அன்று மாலையே வந்துவிட்டார். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். சுற்றி வளைத்துப் பேச மாட்டார். "அம்மி, என் வூட்ல இன்வெர்ட்டர் கீது, லிஃப்ட் கீது. இன்னொரு தடவ இந்த மெஷின் நின்னுச்சுன்னு கேட்டேன், அப்பாவ தூக்கிக்கினு போயிடுவேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

ரஹ்மான் பாய்தான் பதில் சொன்னார். அவர் பேசுவது துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"உன் வூடு நாலாவது மாடிமா. என்ன பாக்க வர்றவன் லிஃப்ட்ல ஏறணும். செருப்பு கழட்டணும். சோபால உக்காரணும். எவன் வருவான்? இங்க ஜன்னல்ல மூஞ்ச வெச்சு, இன்னா பாய் கீறியான்னு கேட்டுட்டு போயிடுவான். எனக்கு அது போதும்."

உண்மைதான். அவர் கட்டில் சந்தைப் பார்த்த ஜன்னலை ஒட்டி இருக்கிறது. பாலிஷ் பட்டறை ஆட்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், பால்காரர் என்று யாராவது ஒருவர் முகம் அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். வெளியே போக முடியாத மனிதருக்கு அந்த ஜன்னல்தான் ஊர். ஹாஜிராம்மாவின் புடவைகளும் அதே ஜன்னல் வழியாகத்தான் வந்து போகின்றன.

"அப்போ மெஷின் நிக்காம பாத்துக்கோங்க" என்றார் அதீபா. "ஃபோன் அடிச்சா எடுக்கவே பயமா கீது அப்பா."

அடுத்த நாள் ஹாஜிராம்மா என்னை, மகளே என்று உருதுவில் கூப்பிட்டார். "பேட்டி, நீ கரண்டுதான படிச்ச? இது ஏன் இப்டி ஆவுதுன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். மின்னியலில் பட்டம் வாங்கிவிட்டு, தி.நகரில் ஒரு துணிக்கடையின் இணையப் பிரிவில் புடவைப் படங்களுக்குக் கீழே விவரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து வந்து ஹாஜிராம்மா வீட்டு ப்ளக் பாயிண்டில் அளந்து பார்த்தேன். மாடியில் எதுவும் ஓடாதபோது 228. இரண்டு ஏசியும் இண்டக்‌ஷனும் அதே லைனுக்கு வந்தபோது 184.

"மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டார் ஹாஜிராம்மா.

பரீட்சைத் தாளில் வயர் என்பது வெறும் கோடு. ஒரு பேட்டரியிலிருந்து ஒரு பல்புக்கு அந்தக் கோட்டை இழுத்துவிட்டால் போதும், வழியில் எதுவும் குறையாது. நான்கு வருடம் நான் இழுத்த கோடுகள் எதுவும் யார் வீட்டுக்கும் போகவில்லை. இங்கே கம்பத்திலிருந்து வரும் வயர் ஒல்லியானது, பழையது, வழியில் இரண்டு மூன்று இடங்களில் முறுக்கி ஒட்டுப் போட்டது. கரண்டு ஓடுவதை அந்த வயரும் கொஞ்சம் தடுக்கிறது. குறைவான கரண்டு ஓடினால் வழியில் குறைவான வோல்ட் தொலைகிறது. பத்து மடங்கு ஓடினால் பத்து மடங்கு தொலைகிறது. கம்பத்தில் 230 இருந்தாலும், வீட்டுக்கு வருவது வழியில் தொலைந்தது போக மிச்சம்தான்.

இதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். ஹாஜிராம்மா கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ரம்ஜான்ல பள்ளிவாசல்ல மூணு அண்டா கஞ்சி வெப்பாங்க. மூணு வரிசை. நடு வரிசை கொஞ்சம் வேகமா நவுருதுன்னு ஒருத்தன் தாவுவான். அவன பாத்து எல்லாரும் தாவுவாங்க. அப்புறம் நடு வரிசை நின்னு பூடும். இங்கயும் அதானா?"

"அதேதான்."

"ஆனா அங்க லேட்டா வாங்குனா கஞ்சி ஆறிப் போவும், அவ்ளோதான்" என்றார். கட்டிலைப் பார்த்தார்.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் பீர் முஹம்மது வந்தார். பலகைக்கு மேலே கருகிப்போயிருந்த ஒரு இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினார். கம்பத்து வயரையே மாற்ற வேண்டும், அதற்கு வீட்டுக்காரர்தான் மின்வாரியத்தில் விண்ணப்பம் போட வேண்டும் என்றார். ஃபோன் செய்தால் கோயம்புத்தூர்க்காரர், "மழை முடியட்டும், பாக்கலாம்" என்றார். இன்னும் மழையே தொடங்கவில்லை.

"அதுவரைக்கும் ஒரு வழி சொல்றேன்" என்றார் பீர் முஹம்மது. "ப்ளூவ மெஷினுக்கே வுட்டுருங்க. வேற யாரும் அத தொடாதீங்க."

அன்று மாலை படிக்கட்டிலேயே கூட்டம் நடந்தது. ஹாஜிராம்மா கீழ்ப்படியில் நின்றுகொண்டு, கெஞ்சாமல் கேட்டார். "அவருக்கு மூச்சு. அதனால கேக்குறேன்."

"இதுக்குப் போயி கேக்கணுமாம்மா?" என்றார் அய்யாதுரை. தென்காசிப் பக்கத்துக்காரர். பேரன் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவன் அறையில்தான் ஏசி. "ப்ளூ உங்களுக்கு. நாங்க அந்தப் பக்கம் தலைவச்சே படுக்க மாட்டோம்."

"பசங்க வர்ற நேரம் மட்டும்தான் நான் ஏசி போடறேன்" என்றார் வைதேகி டீச்சர். மயிலாப்பூரில் வளர்ந்தவர். "மஞ்சள்லயே இருந்துண்டு போறேன். எனக்கென்ன?"

"நாங்க முட்டைய பச்சையா குடிச்சிடறோம் ஹாஜிராம்மா" என்றான் ஹரி.

"குடி, குடி. ஒடம்பாவது தேறும்" என்றார் அவர்.

அய்யாதுரையும் ஹரியும் சிவப்புக்கு, டீச்சரும் நாங்களும் மஞ்சளுக்கு என்று முடிவானது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். சில நாட்கள் பச்சை விளக்கு அசையவே இல்லை. ரஹ்மான் பாய் ஜன்னலில் வந்தவர்களிடமெல்லாம், "எனக்குத் தனி லைன் குடுத்துட்டாங்கபா, மந்திரி வூட்டுக்கு மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாஜிராம்மாவுக்கு மட்டும் ஒரு சின்னக் குறை. பெடலைத் தொட்டால் மெஷின் பாய்ந்தது. ஒரு ஷிஃபான் புடவையின் ஓரம் அவரை மீறிச் சுருங்கிவிட்டது; பிரித்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். 247. கம்பத்தில் இருப்பதைவிட அதிகம். மூன்று லைன்களுக்கும் திரும்பிப் போகும் வழி ஒரே நியூட்ரல் வயர். மூன்றிலும் சமமாக ஓடினால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துகொண்டு, அந்த நியூட்ரலில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. இரண்டில் மட்டும் பாரம் ஏறினால், தராசு சாய்வதுபோல் இரண்டிலும் வோல்டேஜ் இறங்கும், காலியாக இருக்கும் லைனில் ஏறும். மேலே எங்கள் ஃபேன் தூங்கிக்கொண்டிருந்ததற்கும் கீழே தையல் மெஷின் பாய்ந்ததற்கும் காரணம் ஒன்றுதான். இதை ஹாஜிராம்மாவிடம் சொன்னேன். அவர் சுருங்கிய ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நா நல்லா கீறது, நீங்க எல்லாம் கஷ்டப்படறதாலயா?"

"மெஷினுக்காகத்தானே" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சந்தில் ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். வெயில் உச்சத்தில் இருந்தது. பலகையில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு லைனின் ஃபியூஸ் போய்விட்டது.

அய்யாதுரை வீட்டில் குழந்தை வீறிட்டது. அவர் இறங்கி வந்து குமிழைத் திருகிவிட்டுப் போனார். ஹரி இறங்கி வந்தான். சிவப்பு போய்விட்டது, மஞ்சளும் போய்விடுமோ என்று டீச்சரும் வந்தார். கடைசியாக என் அம்மா, வேலை செய்யும் கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகையருகில் நின்று எங்கள் குமிழையும் திருகினார். நான்கு பேரும் நீலத்துக்குத்தான் திருப்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கைக்கு இத்தனை வருடங்களாக ஒரே பாடம்தான் தெரியும்: எது நன்றாக ஓடுகிறதோ அதற்குப் போ. கொடுத்த வாக்கு மனதில் இருந்தது. கைக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கீழே மெஷின் கத்தத் தொடங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹாஜிராம்மா சிலிண்டரைத் திறந்துவிட்டிருந்தார். முந்திய முறை போல் இல்லை இது. ரஹ்மான் பாயின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பட்டறை நண்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாய், பாய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாஜிராம்மா கணவரின் முதுகில் கை வைத்து, அவர் மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சுவிட்டார். அவர் நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, தலையை அசைக்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு என்னிடம், "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பலகைக்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் ஐந்து குமிழ்களையும் பார்த்தார். ஐந்தும் நீலத்தைக் காட்டின. அய்யாதுரையின் குமிழை மஞ்சளுக்குத் திருப்பினார். பிறகு மாடியைப் பார்த்து, "டீச்சர்! ஏசிய அணைங்க! ஹரி, அடுப்ப நிறுத்து!" என்றார். அவர் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லோரும் படியில் வந்து நின்றார்கள். அதற்குள் அவர் மாடியாட்களின் நான்கு குமிழ்களையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றிவிட்டார். தையல் மெஷினைப் பிள்ளைகள் தொடாமலிருக்க ஊசியைக் கழற்றி வைப்பாரே, அந்தச் சாவதானத்தோடு. கறுப்பு ப்ளாஸ்டிக் குமிழ்கள் அவர் முந்தானையில் இருந்தன. பலகையில் வெறும் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது?" என்றார் அய்யாதுரை. அதற்குள் அவருக்கே புரிந்து முகம் மாறிவிட்டது. "ஐயோ, ப்ளூல போட்டுட்டனா நான்?"

"நீங்களும் போட்டீங்க, எல்லாரும் போட்டீங்க."

"ஹாஜிராம்மா, சத்தியமா தெரியாம..." என்று ஆரம்பித்தார் என் அம்மா.

"தெரியும் ஷீலா. அத வுடு. இப்ப கேளுங்க. ரெண்டு லைன்தான் கீது. அய்யாதுரையண்ணே, கைக்குழந்த வூடு. நீங்க மஞ்சள்ல ஒண்டியா இருங்க, ஏசி ஓடட்டும். மத்தவங்க எல்லாம் என்கூட ப்ளூவுல வாங்க. ஃபேனு, லைட்டு. அவ்ளோதான்."

"உங்ககூடயா?" என்றார் டீச்சர். "அது மெஷினுக்குன்னு விட்டதாச்சே?"

"எனக்குக் காலி லைன் வேணாம் டீச்சர். காலியா வுட்டு வுட்டுதான் அந்தப் பக்கம் வெடிச்சுது. அளவா வாங்க, போதும்."

மெஷினை மறுபடி போட்டோம். சிவப்பு விளக்கு ஒரு முறை மின்னி, பச்சை எரிந்தது. அளந்து பார்த்தேன். நான்கு வீட்டு ஃபேன்கள், விளக்குகள், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் ஒரே லைனில். 216.

மெஷினுக்குத் தேவை இரண்டு ஃபேன், இரண்டு ட்யூப்லைட் அளவுக்கு மேல் கொஞ்சம்தான். ஒரு ஏசி இழுப்பதில் கால் பங்குகூட இல்லை. அந்த அளவுக்காக மூன்றில் ஒரு வழியை அடைத்து வைத்துவிட்டு, மொத்த வீட்டுப் பாரத்தையும் இரண்டில் ஏற்றியிருந்தோம். கணக்கு எளிது. வாரம் முழுக்க மீட்டரைக் கையில் வைத்திருந்த எனக்கு 247 என்ற எண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை மாடியாட்களின் அன்பு என்று படித்தேன். அதுவும் பொய் இல்லை.

பீர் முஹம்மது வந்து ஃபியூஸைப் போட்டார். "அஞ்சு வூட்டு பாரத்த ரெண்டு லைன்ல ஏத்துனா ஃபியூஸ் இன்னா பண்ணும், பாவம்?"

"நீதானய்யா ப்ளூவ விடச் சொன்ன!" என்றார் அய்யாதுரை.

"சொன்னேன். வெயில் இவ்ளோ அடிக்கும்னு சொன்னனா?"

ஹாஜிராம்மா சிரிக்கவில்லை. மூன்று லைனும் வந்த பிறகும் குமிழ்களை அவர் திருப்பித் தரவில்லை; ஒரு கிண்ணத்தில் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அய்யாதுரையைச் சிவப்பிலும், டீச்சரையும் எங்களையும் மஞ்சளிலும், ஹரியைத் தன்னோடு நீலத்திலும் வைத்தார். ஹரி அடுப்பையோ இஸ்திரிப் பெட்டியையோ போடுமுன் கீழே கேட்க வேண்டும். எந்த லைன் போனாலும் யாரும் தானாகத் திருப்ப முடியாது. அவர் வாசலுக்கு வந்து குமிழ் வாங்கித்தான் திருப்ப வேண்டும், திருப்பியதும் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. "ஈ.பி. ஆபீசர் இருக்காங்களா?" என்று ஹரி வாசலில் நின்று சல்யூட் அடிப்பான். "அப்ளிகேஷன் எங்கடா?" என்பார் ரஹ்மான் பாய் கட்டிலிலிருந்து.

ஆனால் வெள்ளிக்கிழமை நடந்தது அதீபாவுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் நண்பர் ஒருவரின் மனைவி ஃபோனில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அதீபா வந்தார், அப்பாவின் துணிகளை எடுத்து வைக்கும் முடிவோடு. குமிழ்களைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மி, நீ இன்னா கரண்டு ஆபீஸா? இந்த நாலு நாபுதான் அப்பா உயிரா?"

"நாலும் என்கிட்ட கீது. அப்புறம் இன்னா?"

"நீ கடைக்குப் போனா? நீ தூங்குனா? குளிக்கப் போயிருந்தா அன்னிக்கு என்ன ஆகியிருக்கும், சொல்லு."

புடவை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்த நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதீபா சொன்னது சரி. ஒரு மனுஷி கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஓடும் ஏற்பாடு எத்தனை நாள் ஓடும்? ரஹ்மான் பாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அழுவதை அவரால் பார்க்க முடியாது.

ஹாஜிராம்மா எழுந்தார். குமிழ்கள் இருந்த கிண்ணத்தை மகளின் மடியில் வைத்தார்.

"நா குளிக்கப் போறேன்" என்றார். "தலைக்கு. லேட்டாவும்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அதீபா கிண்ணத்தை வைத்துக்கொண்டு மெஷினின் பச்சை விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. டீச்சர் வீட்டுக்கு ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் படியேறிப் போனார்கள். அந்தக் கோடையில் ஒரு லைன் போவதற்கு யாரும் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தில் எங்கோ ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. மாடியில் ஒரு ஏசியின் சத்தம் அறுந்தது.

அதீபா துள்ளி எழுந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அய்யாதுரை வாசலில் வந்து நின்றார், பனியனும் வேட்டியுமாக. உள்ளே எட்டிப் பார்த்து, ஹாஜிராம்மா இல்லை என்றதும் அதீபாவிடமே சொன்னார்.

"பாப்பா, ரெட்டு போயிருச்சு. என் நாபக் கொஞ்சம் கொடுங்க. மஞ்சள்ல டீச்சரம்மா ஏசி ஓடுது, பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். அது முடியட்டும், அதுவரைக்கும் நம்ம ஏசி வேண்டாம்னு வீட்டுல சொல்லிட்டேன். ஃபேனுக்கு மட்டும் ப்ளூல இருந்துக்கிடுதோம். ஹரிப் பயகிட்டயும் சொல்லியாச்சு, அடுப்பத் தொடமாட்டான்."

"குழந்தைக்கு?" என்று கேட்டார் அதீபா.

"விசிறிக்கிட்டு இருக்கா மருமக. ஒரு மணி நேரம்தான். பாய்க்கு நிக்கக் கூடாதுல்லா?"

அதீபா கிண்ணத்தைத் துழாவினார். எது யாருடையது என்று தெரியவில்லை. "எல்லாம் ஒண்ணுதான் பாப்பா, ஏதாச்சும் கொடுங்க" என்றார் அவர். குமிழைத் தண்டில் சொருகி நீலத்துக்குத் திருப்பினார், கழற்றினார், திரும்பி வந்து கிண்ணத்தில் போட்டார், மாடிக்குப் போனார். ஹாஜிராம்மா வீட்டு ஃபேன் ஒரு நொடி தயங்கி, பழைய வேகத்துக்கு வந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த ஹாஜிராம்மா முதலில் விளக்கைப் பார்த்தார், பிறகு மகளை.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல" என்றார் அதீபா. கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டி, "ரெட்டு போச்சு" என்றார்.

அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து, அவர் காதுக்குப் பின்னால் நழுவியிருந்த குழாயைச் சரிசெய்தார்.

"மழை வர்ற வரைக்கும் இங்க இரு. அதுவரைக்கும் தினம் நா ஃபோன் பண்ணுவேன், நீதான் எடுக்கணும். அம்மி இல்ல, நீ. வீட்டுக்காரர் நம்பர் குடு, அந்த வயர மாத்துறாரா இல்லையான்னு நா கேக்குறேன்."

"மழை வந்தா மொத்த கரண்டும் பூடும்" என்றார் ரஹ்மான் பாய். "அப்ப இன்னா பண்ணுவ?"

சிரிக்க ஆரம்பித்தார், அது இருமலாக மாறியது. ஹாஜிராம்மா ஈரக் கையோடு வந்து அவர் முதுகில் கை வைத்து, "பேசாம மூச்ச வுடு" என்றார்.